உருளைக்கிழங்குகள் முதலில் ஏறட்டும்

“உருளைக்கிழங்கு ஏறாம நான் வண்டியை எடுக்க மாட்டேன், தீதி.”

ஷொபொன்தா இப்படிச் சொல்லிவிட்டு எஞ்சினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எஞ்சினுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தோம். விளக்குக்கு மேலே சந்தனம், குங்குமம். இரண்டு பக்கமும் கரும்பு. முன் சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சம்பழம். கற்பூர வாசனை இன்னும் போகவில்லை.

துர்கா பூஜையின் நவமி காலை. பூங்காவின் கேட்டைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நூறு குழந்தைகளுக்கு மேல் நிற்கிறார்கள். மடிப்புக் கலையாத புதுச்சட்டை, காலைக் கடிக்கிற புது ஷூ. எல்லோருக்கும் முதல் பெட்டியில்தான் உட்கார வேண்டும்.

“நான்தான் எல்லாம் பார்த்துட்டேனே! கையெழுத்தும் போட்டாச்சு!” என்று கத்தினேன்.

“கையெழுத்து போட்டிருக்கீங்க. ட்ரிப் போகலையே.”

எனக்கு வந்ததே கோபம்! நூறு பேர் முன்னால் ஒரு டிரைவர் தன் மேற்பார்வையாளரைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சட்டம். பண்டிகை நாளில் முதல் சுற்றில் உருளைக்கிழங்கு மூட்டைகள்தான் போக வேண்டும், அவை பத்திரமாக வந்து நின்ற பிறகுதான் குழந்தைகள் ஏறலாம். அந்தச் சட்டத்தை எழுதியது யார்? நான். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் உயிரை வாங்கியது யார்? அதுவும் நானேதான்.

வங்காளத்தில் தீதி என்றால் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்னை அக்கா என்பார். நான் அவரை ‘ஷொபொன்தா’, அதாவது ஷொபொன் அண்ணா என்பேன். எங்கள் சண்டைகள் எல்லாம் இப்படி அக்கா, அண்ணா என்று மரியாதையாகத்தான் நடக்கும். பேசியதெல்லாம் வங்காள மொழியில். உங்களுக்காக என் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

ஓட்டவிடாமல் செய்கிற வேலை

போன வாரம் எங்கள் டாக்குரியா வீட்டுக் கொலுவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நீங்கள் கல்கத்தாவில் ரயில் ஓட்டினீர்களாமே, அதை ஏன் எழுதாமல் மறைக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். அம்மா, மறைக்கவில்லை. ஓட்டவும் இல்லை. ஓட்டுகிறவரை ஓட்டவிடாமல் செய்வதுதான் என் வேலையாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், ஊரின் கிழக்கு ஓரத்தில், மீன் குளங்கள் இருந்த பக்கமாக ஒரு பொழுதுபோக்குப் பூங்கா வந்தது. மெக்கானிக்கல் டிப்ளமோ வைத்திருந்த நான் விண்ணப்பம் போட்டேன். ராட்டினத்தையும் படகையும் ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். “குழந்தைங்க ரயில்தானே, மேடம் பார்த்துக்கட்டும்” என்று அதை என் தலையில் கட்டினார்கள். தெரியாமல் கட்டினார்கள். என் அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் பெட்டிகளைச் சோதிக்கிறவர். சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசல் கண்டுபிடிப்பார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. சீர்வரிசைப் பித்தளைக் குடத்தை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, “இது ஒட்டுப் போட்டதுங்க” என்று சொல்லி, இரண்டு சம்பந்திகளையும் ஒரே நேரத்தில் விரோதித்துக்கொண்ட மகராசன். அந்தச் சந்தேகப் புத்தி எனக்குச் சீதனமாக வந்தது.

ரயில் என்னவோ சின்னதுதான். டீசல் எஞ்சினுக்குத் தகரப் புகைபோக்கி வைத்து நீராவி எஞ்சின் வேஷம் போட்டிருப்பார்கள். பின்னால் நாலு திறந்த பெட்டிகள். மேடையிலிருந்து கிளம்பி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு சின்ன இறக்கத்தில் இறங்கி மறுபடி அதே மேடைக்கு வரும். மேடையைத் தாண்டினால் தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டிப் போகும் ஒரு நடைபாதை. ராட்டினத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அதனால் அந்த இறக்கத்தில் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நாற்பது அடி இறக்கம்தான்.

என் வீட்டுக்காரர் டாலிகஞ்ச் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. ரொம்பச் சாது. “உன் ரயில் நடந்து போறதைவிடக் கொஞ்சம் வேகமாப் போகுமா வசந்தா?” என்று கேட்பார். “ஓடுற மனுஷனைவிட வேகமாப் போகும். அதுல முப்பது குழந்தை உட்கார்ந்திருக்கும்” என்பேன்.

கறுப்பு மை, சிவப்பு மை

வண்டிக்கு ஒரு பதிவேடு உண்டு. காலைச் சோதனை சரியாக இருந்தால் கறுப்பு மையில் ‘தகுதி’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். எது பழுதானாலும் சிவப்பு மையில், காரணத்தோடு எழுத வேண்டும். இந்தச் சிவப்பு மைக்காக என்னைத் திட்டாதவர்கள் அந்தப் பூங்காவில் யாரும் கிடையாது.

ஒரு தடவை ஹாரன் சிக்கிக்கொண்டு ஒரு மாலை முழுக்க விடாமல் அலறியது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வண்டி நின்ற பிறகும் “கூ! கூ!” என்று அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஒயரைப் பிடுங்கி எறிகிற வரைக்கும் நாங்கள் சைகையிலேயே பேசிக்கொண்டோம். சிவப்பு மை.

இன்னொரு தடவை, ஒரு குளிர்கால மத்தியானம். நாலு பெட்டியோடு போன வண்டி மூன்று பெட்டியோடு திரும்பி வந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே ஓடினேன். குளத்தின் அந்தக் கோடியில், மரத்தடியில், நாலாவது பெட்டி தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. உள்ளே புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். நான் மூச்சு வாங்கிக்கொண்டு, “பயப்படாதீங்க, இதோ வண்டியைக் கொண்டு வர்றேன்” என்றேன்.

“அவசரமே இல்லை தீதி” என்றான் அந்தப் பையன். பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வண்டி போய் பத்து நிமிஷமாம்! இரண்டு பேருமே கவனிக்கவில்லையாம்!

பெட்டிகளை இணைக்கிற கம்பிக்குப் பூட்டு மாதிரி ஒரு பின் உண்டு. அதைப் போட மறந்தவர் ஷொபொன்தா. தேய்ந்து விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் விடவில்லை. ‘பின் போட மறந்தேன்’ என்று அவர் கையாலேயே சிவப்பு மையில் எழுத வைத்தேன்.

“ஒரு பின்னுக்காக என்னை இப்படி எழுத வெச்சுட்டீங்களே” என்றார், முகம் சிறுத்துப்போய்.

“பின்னுக்காக இல்லை ஷொபொன்தா. மறந்ததுக்காக.”

அதற்கப்புறம் மூன்று நாள் அவர் என்னோடு டீ குடிக்கவில்லை.

கிழங்கு விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் வெறும் வண்டியைத்தான் ஓட்டிச் சோதித்தோம். காலையில் அழகாக வந்து நின்ற வண்டி, மத்தியானம் யாரோ ஒரு கிளப்பின் தடித்தடியான ஆட்கள் ஏறியதும், இறக்கத்தில் நிற்காமல் ஒரு பெட்டி நீளம் மேடையைத் தாண்டிப் போய் நின்றது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால், காலி வண்டி நிற்கும் என்பது மட்டும்தான் தெரியும். கனம் வேண்டும். கனத்துக்கு எங்கே போவது? காண்டீன் பக்கத்திலேயே இருந்தது. இந்த ஊரில் பிரியாணியில்கூட உருளைக்கிழங்கு போடுவார்கள், அதனால் காண்டீனில் எப்போதும் மூட்டை மூட்டையாக இருக்கும். பண்டிகை நாட்களில் பெட்டிக்கு ஆறு மூட்டை என்று ஏற்றிச் சோதிக்க ஆரம்பித்தேன்.

“என் கிழங்கெல்லாம் குளத்தைச் சுத்திப் பார்த்துட்டு வந்துதான் வேகணுமா?” என்று காண்டீன்காரர் கோபால் ஒவ்வொரு தடவையும் கேட்பார். கேட்டுக்கொண்டே மூட்டையைத் தூக்கியும் கொடுப்பார்.

இப்படிச் சிவப்பு வரிகள் சேர்ந்துகொண்டே போனதில் முதலாளிக்குப் பொறுமை போயிற்று. எல்லோரும் அவரைப் பெரியபாபு என்போம். அந்த வருஷம் பூஜைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். “மேடம், ராட்டினத்துப் புஸ்தகத்துல ஒரு சிவப்பு வரி இல்லை. உங்க ரயில்ல மட்டும் ஏன் இவ்வளவு? பூஜை முடியறதுக்குள்ள இன்னும் ஒண்ணு விழுந்தா, ரயிலைத் தூக்கிட்டு டேஷிங் கார் போட்டுடுவேன்.”

ராட்டினத்துக்காரன் எழுதுவதே இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கிற அந்த மோட்டார் கார்கள் வந்தால் ஷொபொன்தாவுக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை. அதைவிட, எனக்கு அந்த ரயில் மேல் உயிர். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் பிள்ளைகளுக்கு அப்புறம் நான் அதிகம் தொட்டுத் துடைத்தது அதைத்தான்.

ஒரே ரயிலுக்கு இரண்டு பூஜை

கல்கத்தாவில் இயந்திரங்களுக்கு விசுவகர்மா பூஜை. வானமெல்லாம் காற்றாடி பறக்கும், பட்டறைகளில் கிச்சடி வேகும். அன்றைக்கு எங்கள் ஆட்கள் எஞ்சினுக்குக் கடுகெண்ணெயில் குழைத்த செந்தூரம் இடுவார்கள். நான் பக்கத்திலேயே நின்று, “எண்ணெய் சக்கரத்துப் பக்கம் வரக் கூடாது, வரக் கூடாது” என்று காவல் காப்பேன்.

ஆனால் நமக்கு ஆயுத பூஜை வேண்டாமா? அது துர்கா பூஜையின் நவமி அன்றைக்கு வரும். பூங்காவில் வருஷத்திலேயே பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். அதனால் நான் எஞ்சினுக்கு ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு விட்டுவிடுவேன். அந்த வருஷம் மட்டும் மனசு கேட்கவில்லை. ரயிலே போய்விடும் என்கிற பயம். முறையாகச் செய்தால் தெய்வம் கண் திறந்து பார்க்கும் என்று தோன்றியது.

முந்தின நாள் பூங்கா மூடியதும் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தோம். வீட்டுக்காரரும் உதவிக்கு வந்திருந்தார். எஞ்சினை நானும் ஷொபொன்தாவும் எடுத்துக்கொண்டோம். “நீங்க நாலு பெட்டியையும் பார்த்துக்குங்க. பளபளன்னு இருக்கணும்” என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொன்னது அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால், அடேயப்பா! பெட்டிகள் மின்னின. சக்கரம்கூட வெள்ளித் தட்டு மாதிரி இருந்தது. வேறு யாராவது செய்திருந்தால் நான் குனிந்து, தடவி, மோந்து, ஆயிரம் கேள்வி கேட்டிருப்பேன். செய்தது என் புருஷன். பெருமையில் எனக்குக் கண் தெரியவில்லை.

ராகு காலம் முடிந்துதான் பூஜை என்று நான் பிடிவாதம் பிடித்ததில் நேரமாகிவிட்டது. சுண்டல் தூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அதை எடுத்து வர அவர் டாக்குரியாவுக்கு ஓடினார். பொரியும் பழமும் வைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். நம் ஊரில் பூஜை போட்ட வண்டி முதல் அசைவில் அந்தப் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், இல்லையா? அந்த முதல் அசைவு குழந்தைகளோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பூஜை போட்ட வண்டியில் முதலில் போவது கிழங்கு மூட்டையா? சே!

அதனால் சோதனை ஓட்டத்தை விட்டுவிட்டேன். கறுப்பு மையில் ‘தகுதி’ என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து.

நசுங்கிய எலுமிச்சம்பழம்

இப்போது ஷொபொன்தா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற இடத்துக்கு வருவோம்.

“நான் பொறுப்பு. நான் சொல்றேன், எடுங்க” என்றேன்.

“சாதாரண நாள்ல நீங்க சொல்லுங்க, எடுக்கறேன். இன்னைக்கு நவமி. கூட்டத்தைப் பாருங்க. கிழங்கு போகட்டும்.”

“என் மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?”

“இருக்கு தீதி. ஆனா உங்க புஸ்தகத்துல நம்பிக்கைக்கு இடம் விடலையே” என்றார்.

வரிசையில் ஒரு அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். பூஜைப் பந்தலிலிருந்து டாக் மேளம் வேறு தடதடவென்று அடிக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கோபாலைப் பார்த்துக் கையை ஆட்டினேன். மூட்டைகள் ஏறின. குழந்தைகளுக்குத் தங்கள் இடத்தில் கிழங்கு உட்காருவதைப் பார்த்து ஒரே ஆத்திரம். “கிழங்குக்கு டிக்கெட் இருக்கா?” என்று ஒரு பொடியன் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலுமிச்சம்பழம் நசுங்கிற்று. வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. குளத்துக்கு அந்தப் பக்கம் மாலை போட்ட எஞ்சின் போவதைப் பார்த்தபோது, கோபத்திலும் எனக்கு அழகாகத்தான் இருந்தது. வளைவில் திரும்பியது. இறக்கத்துக்கு வந்தது.

நிற்கவில்லை.

ஷொபொன்தா பிரேக்கை மிதிக்கிறார், கை பிரேக்கை முழு பலத்தோடு இழுக்கிறார், எஞ்சின் இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறது. நாலு பெட்டியும் பின்னாலிருந்து அதைத் தள்ளிக்கொண்டு வருகின்றன. ஹாரன் அலறுகிறது. குறுக்குப் பாதையில் ஒரு ஐஸ்கிரீம் வண்டி! நான் கத்திய கத்தலில் அந்த ஆள் வண்டியோடு பின்னால் தாவினான். கிழங்கு ரயில் மேடையைத் தாண்டி, பாதையைத் தாண்டி, மூன்று பெட்டி நீளம் போய், மேட்டில் ஏறி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. குலுக்கலில் கடைசிப் பெட்டியின் இரண்டு மூட்டை சரிந்து வாய் பிளந்தது. பாதை முழுக்க உருளைக்கிழங்கு உருண்டது.

குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்? கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி வந்து, புது ஃபிராக்கிலும் ஜிப்பாவிலும் கிழங்கு பொறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோபால் “மிதிக்காதே, மிதிக்காதே” என்று நடுவில் ஆடினார். அழுதுகொண்டிருந்த சின்னப் பெண் மடி நிறையக் கிழங்கோடு சிரித்தாள்.

நான் அந்தப் பாதையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த மூட்டைகள் இருந்த இடத்தில் இந்தக் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இந்தப் பாதையில் கால் வைக்க இடம் இருந்திருக்காது.

கறிவேப்பிலை வாசனை

ஷொபொன்தா இறங்கி, கடைசிப் பெட்டியின் அடியில் கையை விட்டு பிரேக் கட்டையைத் தொட்டார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என் பக்கம் வந்து, அதே விரலை என் மூக்கருகில் நீட்டினார்.

கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். கல்கத்தாவில் அந்த எண்ணெய் ஒரே ஒரு வீட்டில்தான் காய்ச்சப்படும். என் தலையில் அது தினமும் மணக்கும்.

சரியாக அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர், கூட்டத்தில் நசுங்கி வந்து, கையில் சுண்டல் தூக்கோடு, முகமெல்லாம் பல்லாக நின்றார். “எப்படி வசந்தா, பளபளப்பு?”

“சக்கரத்துல என்னத்தைப் பூசினீங்க?”

“நம்ம தையல் மிஷினுக்கு ஆயுத பூஜைக்குப் பூசுவோம்ல, அந்த மாதிரிதான். துரு பிடிக்காது, பளிச்சுனு இருக்கும்னு உன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கொண்டு வந்தேன். சக்கரத்துக்குப் பக்கத்துல கறுப்புக் கறுப்பா கட்டைங்க இருந்துது பாரு, ரொம்ப அழுக்கு. தேய்த்துத் தேய்த்து அதுக்கும் ரெண்டு கை வெச்சேன்.”

“அதுதாங்க பிரேக்கு!”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாதை முழுக்கக் கிடந்த கிழங்கைப் பார்த்தார், வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தார். பாவம், அந்த மனுஷன் சுண்டல் தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டார். திட்ட வாய் வரவில்லை எனக்கு. அவரைச் சோதிக்காமல் விட்டவள் நான்தானே.

பதிவேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன். ஒரு வரி எழுதினால் ரயில் போய்விடும். ஷொபொன்தா பக்கத்தில் வந்து குந்தினார். மெதுவாகச் சொன்னார்: “தண்டவாளத்துல ஈர இலை விழுந்து வழுக்கிடுச்சுன்னு கறுப்புல ஒரு குறிப்பு எழுதிடுங்க தீதி. யாருக்கும் அடிபடலை. பெரியபாபு கேட்டா நானும் அதையே சொல்றேன்.”

மூன்று நாள் என்னோடு டீ குடிக்காமல் இருந்தாரே, அவர்தான் இப்படிச் சொல்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை ஒரு பின்னுக்கு எழுத வைத்துவிட்டு, நான் ஈர இலை என்று எழுதினால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த மேடையில் நிற்பேன்? எழுதினேன். ‘பிரேக் பிடிக்கவில்லை. சக்கரத்திலும் கட்டையிலும் எண்ணெய். பூசியவர் என் கணவர். சோதிக்காமல் தகுதி என்று கையெழுத்திட்டவள் நான்.’

பெரியபாபு வந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஷொபொன்தாவைப் பார்த்தார். “எண்ணெய்னு தெரிஞ்சுதான் வண்டியை எடுக்க மாட்டேன்னியா?”

“இல்லை பாபு, தெரியாது. சோதனை ஆகலை, அதனால எடுக்கலை.”

“இவங்க சத்தம் போட்டாங்களா?”

“உங்க ரூமுக்குக் கேட்டிருக்குமே பாபு.”

“கேட்டுது” என்றார் அவர். பிறகு குழந்தைகள் பொறுக்கிக் குவித்திருந்த கிழங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. “பழுதுன்னா பிரயாணிகளோட போறப்போ வரணும். இது சோதனைல வந்தது. சோதனை எதுக்கு இருக்கு, இதுக்குத்தானே? ரயில் இருக்கட்டும்.”

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை நீட்டினார். சிரிப்பு போய்விட்டது. “ஆனா ஒண்ணு மேடம். இனிமே உங்க கையெழுத்து மட்டும் செல்லாது. கீழே ஷொபொன் கையெழுத்தும் இருந்தாத்தான் வண்டி நகரணும். அவன் போடலைன்னா, நீங்க என்ன கத்தினாலும் நகரக் கூடாது.”

தாமோ! தாமோ!

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் சக்கரம் சக்கரமாகத் துடைத்தோம். சோடா உப்பு போட்ட வெந்நீரை காண்டீனிலிருந்து வாளி வாளியாகக் கொண்டு வந்தார் கோபால். பிரேக் கட்டைகள் அத்தனையையும் கழற்றிப் புதுசு மாட்டினோம். தண்டவாளத்தில் மணல் போட்டுத் தேய்த்தோம். என் வீட்டுக்காரர் பட்டு வேட்டியோடு தண்டவாளத்தில் மண்டியிட்டு, யார் சொன்னாலும் எழுந்திருக்காமல் தேய்த்தார். அந்த வேட்டி அப்புறம் துடைக்கிற துணியாயிற்று.

வரிசையிலிருந்து யாரும் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். ராட்டினத்தை விட்டுவிட்டுக்கூட வந்து வேடிக்கை பார்த்தார்கள். சுண்டல் கைக்குக் கை போயிற்று. மத்தியானம் கிழங்கை மறுபடி ஏற்றி ஓட்டினோம். வண்டி இறக்கத்துக்கு வந்ததும் எந்தக் குழந்தை ஆரம்பித்ததோ தெரியவில்லை, எல்லாமாகச் சேர்ந்து, “தாமோ! தாமோ!” என்று கத்த ஆரம்பித்தார்கள். நில், நில் என்று அர்த்தம். வண்டி மேடையில் கோடு போட்ட மாதிரி நின்றது. அப்பப்பா, அந்தக் கைதட்டல்! ரயில் கிளம்பும்போது குழந்தைகள் கைதட்டிப் பார்த்திருக்கிறேன். நின்றதற்குக் கைதட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக் அடிப்பவர்கள் வேறு மேளத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். மூன்று தடவை ஓட்டினோம். மூன்று தடவையும் நின்றது. மூன்று தடவையும் நான் அழுதேன், சிரித்தேன்.

சாயங்கால வெயில் குளத்தில் விழுந்துகொண்டிருந்தபோது பதிவேட்டைத் திறந்து, ‘தகுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தைகள் பெட்டிகளில் ஏறிவிட்டார்கள். பேனாவை ஷொபொன்தாவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. நிதானமாக இறங்கினார். ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார், தொட்டார், மோந்தார். ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்தார். முப்பது குழந்தைகள் கத்துகிறார்கள், நான் பேனாவோடு நிற்கிறேன். மனுஷன் ரசித்து ரசித்துச் செய்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை நான்.

எல்லாம் முடிந்து என் முன்னால் வந்து நின்றார். “ஜாமாய்பாபு எங்கே?” என்றார். மாப்பிள்ளையைக் கேட்கிறார்.

“பெஞ்சுல இருக்கார்.”

“கையைக் காட்டச் சொல்லுங்க.”

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார். ஷொபொன்தா குனிந்து மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாசனைதான் இருந்திருக்கும். தலையாட்டினார். பிறகுதான் பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே, அவசரமே இல்லாமல், முழுப் பெயரையும் எழுதினார்.

அதற்கப்புறம் நான் அந்த வேலையை விடுகிற வரைக்கும், என் ஒருத்தி வார்த்தையை நம்பி ஒரு குழந்தைகூட அந்த ரயிலில் போகவில்லை.